அமெரிக்கப் பள்ளியிலிருந்து பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்கு: யூகாஸ் முதல் விசா வரை

கேள்வி: மகள் அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூலில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பொருளியல் படிக்க பிரிட்டன் போகலாமா என்று யோசிக்கிறாள். ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) இரண்டும் நன்றாக இருக்கின்றன. பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரப் பாடத் தேர்வான ஏபி (AP) இதுவரை இரண்டுதான் எழுதியிருக்கிறாள். பள்ளிக் கவுன்சலருக்கு பிரிட்டிஷ் முறை பழக்கமில்லை. எப்படி விண்ணப்பிப்பது? எங்கே தவறு நடக்கும்?

பதில்: போகலாம். ஆனால் ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் சேருகிறோம், மேஜர் எனப்படும் முதன்மைப் பாடம் பிறகு. பிரிட்டனில் ஒரு பாடத்தில் சேருகிறோம். விண்ணப்பத்தைப் படிப்பவர் கேட்பது ஒன்றைத்தான்: இந்தப் பெண் மூன்று வருடம் பொருளியலை மட்டுமே படிக்கத் தயாரா? நீச்சல் அணித் தலைவி, தன்னார்வப் பணி 200 மணி நேரம், பியானோ கிரேடு என்று அமெரிக்க விண்ணப்பத்தை நிரப்பும் விஷயங்களுக்கு இங்கே ஏறக்குறைய மதிப்பே இல்லை. நன்கொடை, பழைய மாணவரின் பிள்ளை என்ற சலுகை எல்லாம் இந்த முறையில் கிடையாது.

இங்கிலாந்தில் பட்டப்படிப்பு பொதுவாக 3 வருடம். பொதுப் பாடங்கள் என்று எதுவும் இல்லை, முதல் வாரத்திலிருந்தே பொருளியல், கணிதம், புள்ளியியல். பாதியில் உளவியலுக்கு மாற நினைத்தால் பெரும்பாலும் மறுபடி முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் மகள் இன்னும் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவே ஊசலாடுகிறாள் என்றால் ஸ்காட்லாந்தைப் பாருங்கள். எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்றவற்றில் பட்டப்படிப்பு 4 வருடம். கலை, சமூக அறிவியல் பக்கத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் வேறு பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம். அங்கே இளங்கலைப் பட்டத்துக்கே எம்ஏ என்று பெயர் இருக்கும். முதுகலை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது ஏபி. அமெரிக்க மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளமா மட்டும் இருந்தால், முன்னணிப் பல்கலைக்கழகங்கள் அதைத் பிரிட்டிஷ் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலுக்குச் சமமாக ஏற்பதில்லை. ஜிபிஏ 4.0 இருந்தாலும் அப்படித்தான். பள்ளிக்குப் பள்ளி மதிப்பெண் போடும் விதம் மாறுவதால், வெளியிலிருந்து ஒரே அளவுகோலில் திருத்தப்படும் தேர்வை நம்புகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு கேட்பது நான்கு ஏபியில் 5, அல்லது மூன்று ஏபியில் 5 கூடவே மிக உயர்ந்த எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி தேர்வு மதிப்பெண். கேம்பிரிட்ஜுக்குக் குறைந்தது ஐந்து ஏபியில் 5 இருப்பது நல்லது. மற்ற இடங்களில் மூன்று முதல் ஐந்து ஏபி, அவற்றில் 4 அல்லது 5 மதிப்பெண், பாடத்தைப் பொறுத்து மாறும். பள்ளியில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமா இருந்தால் அதை அப்படியே ஏற்பார்கள், ஏபி தேவையில்லை.

எண்ணிக்கையைவிட எந்த ஏபி என்பது முக்கியம். பொருளியலுக்கு கால்குலஸ் பிசி (BC) என்ற ஏபி கிட்டத்தட்ட கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால்குலஸில் AB, BC என்ற இரண்டு தேர்வுகளையும் எழுதினால் இரண்டாக எண்ண மாட்டார்கள், ஒன்றுதான். ஏபி செமினார், ஏபி ரிசர்ச் போன்றவற்றைப் பல இடங்களில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மைக்ரோ, மேக்ரோ என்ற பொருளியல் ஏபிகளை எடுப்பது பாட ஆர்வத்தைக் காட்டும், ஆனால் அவற்றை நம்பி பிசியை விட்டுவிடக் கூடாது. பிசியில் 5 இல்லாமல் மற்ற நான்கில் 5 வாங்கினாலும் பொருளியல் துறையின் கதவு திறப்பது கடினம்.

இரண்டு ஏபி முடித்திருக்கிறாள் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. இந்த மே மாதம் இரண்டு, பன்னிரண்டாம் வகுப்பின் மே மாதம் இரண்டு எழுதினால் போதும், கடைசியாக எழுதுபவை விண்ணப்பத்தில் 'முடிவு வரவில்லை' என்று போகும். கவனிக்க வேண்டியது பதிவு. மே மாதத் தேர்வுக்கான ஆர்டரைப் பள்ளிகள் முந்தைய நவம்பர் நடுவிலேயே ஏபியை நடத்தும் காலேஜ் போர்டுக்கு அனுப்பிவிடுகின்றன. உங்கள் பள்ளியில் அந்தப் பாடமே இல்லை என்றால், வெளி மாணவர்களை அனுமதிக்கும் வேறு பள்ளியை செப்டம்பர், அக்டோபரிலேயே தேடிப் பிடிக்க வேண்டும். ஜனவரியில் விழித்துக்கொண்டால் அந்த வருடம் இடம் கிடைப்பது கடினம். பள்ளியில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் மூலம் கால்குலஸ் படித்து ஏ கிரேடு வாங்கியிருந்தாலும், கடும் போட்டியுள்ள இடங்கள் பெரும்பாலும் அதை ஏபி 5-க்கு மாற்றாக எடுத்துக்கொள்வதில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போதிய ஏபி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. டிப்ளமா, ஜிபிஏ, எஸ்ஏடி ஆகியவற்றை வைத்தே பரிசீலிக்கும் பல்கலைக்கழகங்கள் ஸ்காட்லாந்தில் அதிகம், இங்கிலாந்திலும் சில உண்டு. இல்லையென்றால் ஃபவுண்டேஷன் இயர் என்று ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கச் சொல்வார்கள். அதற்கும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். அந்தப் பணத்தில் ஒரு வருடம் பொறுத்து ஏபி எழுதிவிட்டுப் போவது பல நேரம் புத்திசாலித்தனம்.

விண்ணப்பம் யூகாஸ் என்ற ஒரே தளத்தின் வழியாகப் போகிறது. ஒரே படிவம், அதிகபட்சம் ஐந்து தேர்வுகள், கட்டணம் மொத்தமாக 30 பவுண்டுக்கும் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே வருடத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் ஐந்தில் நான்கு இடங்களை மட்டுமே அதற்குப் பயன்படுத்த முடியும். நீங்கள் வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்கள் என்பது ஒரு பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. பதில்கள் எல்லாம் வந்து நீங்கள் முடிவைச் சொன்ன பிறகுதான் தெரியவரும். செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற சில இடங்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப்பையும் ஏற்கின்றன. பிரிட்டனில் அந்த ஒரே இடத்துக்கு மட்டும் போடுகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வழியிலும் அனுப்பக் கூடாது.

படிவத்தில் கல்வி விவரம் நிரப்பும் பகுதியில் நிதானமாக இருங்கள். ஹைஸ்கூல் டிப்ளமாவைத் தனியாக, எஸ்ஏடியைத் தனியாக, ஒவ்வொரு ஏபியையும் பாடவாரியாகத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். 3 வாங்கிய ஏபியை மறைப்பது சரியல்ல, எழுதி முடித்தவை எல்லாம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அடுத்த மே மாதம் எழுதப்போகும் ஏபிகளையும் சேர்ப்பது. இவற்றை விட்டுவிட்டால், விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணுக்கு அந்தப் பெண் எழுதி முடித்த ஏபிகள் மட்டும் உள்ளவர். உடனே நிராகரித்துவிடுவார். தகுதி இருந்தும் 'தகுதியில்லை' என்று பதில் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் பள்ளி மதிப்பெண் பட்டியலைப் பதிவேற்ற யூகாஸில் இடம் இல்லை. தேவைப்படும் பல்கலைக்கழகம் நேரடியாகக் கேட்கும். கேம்பிரிட்ஜுக்கு மட்டும் யூகாஸுக்குப் பிறகு இன்னொரு சொந்தப் படிவமும் உண்டு, அதை அக்டோபர் 22-க்குள் முடிக்க வேண்டும்.

அடுத்தது பரிந்துரை. ஒன்றே ஒன்றுதான். அது சேராமல் விண்ணப்பம் யூகாஸை விட்டு நகராது. பள்ளி யூகாஸில் பதிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை. மகள் தனி விண்ணப்பதாரராகப் பதிந்து, பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருக்கு இணைப்பு போகும். கவுன்சலரைவிடப் பொருளியல் அல்லது கணித ஆசிரியர் எழுதுவது மேல், அல்லது ஆசிரியர் தரும் குறிப்பை வைத்து கவுன்சலர் எழுதலாம். அமெரிக்கப் பரிந்துரைக் கடிதங்கள் பிள்ளையின் குணநலனைக் கொண்டாடும். இங்கே வேண்டியது பாடத் திறமை: வகுப்பில் எந்த இடத்தில் இருக்கிறாள், எந்தக் கேள்வியை எப்படி அணுகுகிறாள், பள்ளியில் எத்தனை ஏபி கிடைக்கிறது என்ற பின்னணி. இன்னும் எழுதாத ஒவ்வொரு ஏபிக்கும் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணையும் அவர் தர வேண்டும். 1 முதல் 5 வரையான ஏபி மதிப்பெண்ணில் தர வேண்டும், வகுப்பில் வாங்கும் ஏ, பி கிரேடில் அல்ல. அமெரிக்க ஆசிரியர்களுக்கு இப்படி முன்கணிப்புத் தருவது பழக்கமில்லை, சிலர் தயங்குவார்கள். வசந்த காலத்திலேயே போய் உட்கார்ந்து பேசி, இது உறுதிமொழி அல்ல, தொழில்முறை மதிப்பீடு என்று விளக்கிவிடுங்கள். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை, செப்டம்பரில் ஆரம்பித்தால் அக்டோபர் கெடு இடிக்கும்.

யூகாஸ் படிவத்தில் மாணவர் தன் பாட ஆர்வம் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் 2026 சேர்க்கையிலிருந்து மாறியிருக்கிறது. முன்பு ஒரே நீண்ட கட்டுரை. இப்போது மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம்? இதுவரை படித்தது எப்படி உன்னைத் தயார்படுத்தியது? பள்ளிக்கு வெளியே செய்தவை என்ன, அவை ஏன் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் இதே பதில்தான் போகும், அதனால் எந்த ஊரின் பெயரையும் எழுதக் கூடாது. ஒரு இடத்துக்குப் பொருளியல், இன்னொன்றுக்கு வரலாறு என்று கலந்து போட்டால் இந்தப் பதில்கள் இரண்டுக்குமே பொருந்தாமல் போகும்.

அமெரிக்கப் பிள்ளைகள் இதை காமன் ஆப் கட்டுரை மாதிரி எழுதிவிடுகிறார்கள்: பாட்டியின் சமையலறை, தோற்றுப்போன போட்டி, அதிலிருந்து கற்ற பாடம். இங்கே அது எடுபடாது. 'சின்ன வயதிலிருந்தே பொருளியல் மீது தீராத ஆர்வம்' என்பதும் வெற்று வாக்கியம். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 'குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் வேலை குறையும் என்று ஏபி மைக்ரோவில் வரைபடம் போட்டோம். ஆனால் நியூ ஜெர்சி 1992-இல் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, துரித உணவுக் கடைகளைப் பக்கத்து பென்சில்வேனியாவோடு ஒப்பிட்ட கார்டும் க்ரூகரும் அப்படிக் குறைவு எதையும் காணவில்லை. முதலாளிகள் குறைவாக இருக்கும் சந்தையில் வரைபடமே மாறும் என்பது அங்கிருந்துதான் எனக்குப் புரிந்தது. அந்த ஒப்பீட்டில் எனக்கு இன்னும் இருக்கும் சந்தேகம்...' இதை எழுதும் பெண்ணுக்கு நேர்காணலில் கேட்கக் கேள்வி கிடைக்கிறது, அவளுக்கும் சொல்லப் பதில் இருக்கிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிப் பாடம் பற்றி இருக்கட்டும். படிக்காத புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், நேர்காணலில் முதலில் கை வைப்பது அதில்தான்.

பாடத்துக்கான நுழைவுத் தேர்வுகள் யூகாஸுக்கு வெளியே நடப்பவை, தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பொருளியலுக்கு கேம்பிரிட்ஜும், லண்டனிலுள்ள எல்எஸ்இ, யூசிஎல் ஆகியவையும் டிஎம்யூஏ என்ற கணிதத் தேர்வைக் கேட்கின்றன. 75 நிமிடத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 20 கொள்குறி வினாக்கள், கால்குலேட்டர் கிடையாது. எஸ்ஏடியில் 800 வாங்கிய பிள்ளைகளும் இங்கே திணறுவார்கள், காரணம் இரண்டாம் தாள் தர்க்கமும் நிரூபணமும் சார்ந்தது, அமெரிக்கப் பள்ளிக் கணிதத்தில் அதற்குப் பயிற்சி குறைவு. ஒரு சேர்க்கை ஆண்டில் ஒருமுறைதான் எழுதலாம். கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் அமர்வுதான் செல்லும், அதற்கான பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களில் நடக்கும் என்பதால் அருகிலுள்ள மையத்தில் இடம் தீர்ந்துபோகலாம், பதிவு திறந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பொறியியல், இயற்கை அறிவியலுக்கு ஈசாட், சட்டத்துக்கு எல்நாட், மருத்துவத்துக்கு யூகாட். யூகாட் கோடையிலேயே எழுத வேண்டியது.

தேதிகளுக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15, லண்டன் நேரம் மாலை 6 மணி. நியூயார்க்கில் அது மதியம் 1 மணி, கலிஃபோர்னியாவில் காலை 10 மணி. அமெரிக்கப் பழக்கத்தில் இரவு 11:59 என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் கெடு போயிருக்கும். மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி, 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14. அதற்குப் பிறகும் ஜூன் 30 வரை இடமிருந்தால் எடுப்பார்கள், ஆனால் எல்எஸ்இ போன்ற இடங்களில் பொருளியலுக்கு அதை நம்ப முடியாது.

அமெரிக்க விண்ணப்பத்தோடு இது மோதும் இடம் ஒன்று உண்டு. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஏர்லி டிசிஷன் போட்டு டிசம்பர் நடுவில் இடம் கிடைத்தால், பிரிட்டிஷ் விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்றாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முடிவுகள் ஜனவரியில்தான் வரும். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு உண்மையிலேயே முதல் விருப்பம் என்றால் ஏர்லி டிசிஷனைத் தொடாதீர்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றின், சேரக் கட்டாயம் இல்லாத ஆனால் வேறு இடங்களுக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பதைக் கட்டுப்படுத்தும் ஏர்லி ஆக்‌ஷன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விதிவிலக்கு தருகிறது, அதை யூகாஸோடு சேர்த்துப் போடலாம்.

பதில் பெரும்பாலும் நிபந்தனையோடு வரும்: 'இன்னும் எழுத வேண்டிய ஏபிகளில் 5, 5, அதில் கால்குலஸ் பிசி ஒன்று' என்கிற மாதிரி. வந்த இடங்களில் ஒன்றை முதல் தேர்வாகவும், நிபந்தனை குறைந்த இன்னொன்றைக் காப்புத் தேர்வாகவும் வைத்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு விஷயம். ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் தளர்ந்துவிடும் அமெரிக்க வழக்கம் இங்கே ஆகாது, மே மாதத் தேர்வுதான் இடத்தை உறுதி செய்கிறது. இரண்டு, பிரிட்டிஷ் மாணவர்களின் முடிவுகள் யூகாஸுக்குத் தானாகப் போகும், ஏபி முடிவுகள் போகாது. ஜூலை தொடக்கத்தில் முடிவு வந்ததும் காலேஜ் போர்டு மூலம் மகள்தான் அனுப்ப வேண்டும். ஜூன் 20-க்குள் ஒரு இடத்தைக் குறித்து வைத்தால் அந்த வருடத்துக்கான ஒரு இலவச அனுப்புதல் கிடைக்கும், அதை முதல் தேர்வுக்குப் பயன்படுத்துங்கள். அமெரிக்கக் கல்லூரிக்கு மே 1-க்குள் வைப்புத்தொகை கட்ட வேண்டியிருப்பதால், நிபந்தனை நிறைவேறாவிட்டால் என்ன என்று பயந்து பல குடும்பங்கள் ஒரு அமெரிக்க இடத்தையும் கட்டி வைக்கின்றன. அப்படிச் செய்தால் அந்தப் பணம் திரும்பாது என்று கணக்கு வைத்தே செய்யுங்கள்.

பணம். அமெரிக்காவிலிருந்து போகிறவருக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம். வகுப்பறைப் பாடங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 20,000 பவுண்டிலிருந்து 40,000-க்கு மேலும் போகும், ஆய்வகப் பாடங்களும் மருத்துவமும் இன்னும் மேலே. உதாரணமாகக் கட்டணம் 30,000, வாழ்க்கைச் செலவு 15,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு 1,35,000 பவுண்டு. தனியார் அமெரிக்கக் கல்லூரியின் நான்கு வருட முழுச் செலவோடு ஒப்பிட்டால் குறைவு. சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அதிகம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்கா மாதிரி பெரிய உதவித்தொகை அங்கே மிகக் குறைவு. பிள்ளைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. படிப்பு தொடங்கும் முன் மூன்று வருடம் அங்கேயே வழக்கமாக வசித்திருக்க வேண்டும், பாஸ்போர்ட் மட்டும் போதாது.

அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவிப் படிவத்தை நிரப்பி, அனுமதி பெற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் ஃபெடரல் கடன் வாங்கலாம். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாமாண்டு 6,500, பிறகு 7,500. பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை வெளிநாட்டில் செல்லாது. பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. 529 என்ற கல்விச் சேமிப்புத் திட்டப் பணத்தை ஃபெடரல் உதவிக்குத் தகுதி பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்தலாம்.

இடம் உறுதியானதும் பல்கலைக்கழகம் காஸ் என்ற எண்ணைத் தரும். அதை வைத்து, படிப்பு தொடங்கும் தேதிக்கு ஆறு மாதத்துக்குள் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசாக் கட்டணம் 500 பவுண்டுக்குச் சற்று மேல். அதோடு மருத்துவச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே. விசா, படிப்பு முடிந்து நான்கு மாதம் வரை நீளும் என்பதால் மூன்று வருடப் படிப்புக்கு மூன்றரை வருடத்துக்கான தொகை, 2,716 பவுண்டு, ஒரே தவணையில் போகும். இதைப் பட்ஜெட்டில் சேர்க்காமல் ஆகஸ்டில் திகைக்கிறவர்கள் அதிகம். பதினெட்டு வயது ஆகாவிட்டால் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

உங்கள் குடும்பம் ஹெச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான) விசாவில், மகள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் சில விஷயங்கள் மாறும். ஃபெடரல் கடன் கிடையாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் வங்கி ஆவணங்களைக் கேட்டால் மட்டும் காட்டினால் போதும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பத்தோடேயே இணைக்க வேண்டும்: முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கியும், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும், தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பார்கள். அமெரிக்காவில் படித்ததாலேயே ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு என்று நீங்களாக முடிவு செய்யாமல், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மகளிடம் கிரீன் கார்டு இருந்தால் கிளம்பும் முன்பே, நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப உதவும் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு ஐ-131 படிவத்தைப் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும்போதுதான் அதைப் போட முடியும், கைரேகையும் அங்கேயே தர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை விடுமுறைக்கு வந்து போவது கார்டைக் காப்பாற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அதை நம்பியிருக்க முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தாலே குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கில் கேள்வி வரும். பெர்மிட் இருந்தாலும் அந்தக் கணக்கு தானாகத் தொடராது. ஆகவே குடியுரிமைக்குத் தகுதி நெருங்கிவிட்டது என்றால், அதை முடித்துவிட்டு அனுப்ப முடியுமா என்று குடிவரவு வழக்கறிஞரிடம் இந்த ஆண்டே கேளுங்கள்.